தாமத மோதல்கள்

கெயோன் துறையிலிருந்து படகில் இரண்டு மணி நேரம்.
மழை படுக்கைவாட்டில் அடித்தது.
சால்மன் கூண்டுகளுக்கு நடுவே ஒரு தெப்பம்,
தெப்பத்தின் மேல் தகரக் கொட்டகை,
உள்ளே ஆறு திரை, அணைந்த அடுப்பு,
எவாரிஸ்டோ சிகுவாய்.

"மறுபடியும் போச்சு" என்றார்.
வணக்கம் சொல்லவில்லை.

தீவனம் ஊதும் வேளையில்தான் கேமரா திக்கும்.
மீன் பாதி உடம்போடு நிற்கும்.
வால் வந்து சேர்வதற்குள்
தலை வேறொரு மீனுடையதாகியிருக்கும்.
தின்றனவா, உருண்டையெல்லாம் அடியில் படிந்ததா?
தெரியாது.
தெரியாததை அவர்
நோட்டில் பென்சிலால் எழுதி வந்தார்,
பதினோரு மாதமாக.

இதைத்தான் போனில் சொல்ல வந்திருப்பார்.
"ஊதும்போது மட்டும்..." என்று ஆரம்பிப்பார்.
"கார்டை மாற்றுங்கள்" என்பேன் நான்.

மேசைக்கடியில் ஒரு வாளி.
அதில் மூன்று நெட்வொர்க் கார்டுகள்,
விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவை.
நான்காவது கணினிக்குள் இருந்தது,
தன் முறைக்காக.

முதலில் விளக்கைப் பார்த்தேன்: பச்சை.
பிங் அனுப்பினேன்.
நான்கு போயின, நான்கும் திரும்பின.
நலம், நலம், நலம், நலம்.
சண்டை நடக்கும் வீட்டில்
வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்களே,
அந்த நலம்.

கேபிளை மாற்றினேன்.
டிரைவரை அழித்து மறுபடி ஏற்றினேன்.
புவேர்ட்டோ மான்ட் அலுவலகம் கூப்பிட்டது:
செயற்கைக்கோள் கோளாறாக இருந்தால்
அவர்களுக்கு நிம்மதி.
இல்லை என்றேன். ஏன் என்று தெரியவில்லை, ஆனால் இல்லை.

பிறகு, இரண்டு திசையிலும் ஒரே சமயம்
பெரிய சுமையாக ஏற்றி அனுப்பினேன்.
அப்போதுதான் வாய் கட்டியது.

கார்டின் கணக்கைத் திறந்தேன்.
தாமத மோதல்கள்: நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
படித்து முடிப்பதற்குள்
சொச்சம் ஏறியிருந்தது.

ஒருவர் பேசினால் மற்றவர் பொறுக்க வேண்டும்
என்று நினைத்துக்கொண்டிருந்தது கார்டு.
இருவரும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்
என்று நினைத்துக்கொண்டிருந்தது ஸ்விட்ச்.
கார்டு பாதி வாக்கியத்தில் இருக்கும்,
ஸ்விட்ச் குறுக்கே விழும்.
கார்டு பதறி நிறுத்தும், காத்திருக்கும்,
முதலிலிருந்து தொடங்கும்.
ஸ்விட்சுக்குத் தெரியவே தெரியாது,
தான் குறுக்கிட்டோம் என்று.
அதன் கணக்கில் இருந்ததெல்லாம் ஒரே புகார்:
"எனக்கு வந்தது உடைந்து வந்தது."

நான்கு கார்டும், பொருத்திய கணமே,
கேட்டிருக்கின்றன: எப்படிப் பேசலாம் நாம்?
ஸ்விட்ச் பதில் சொல்லவில்லை.
சொல்லாதே என்று அதற்கு உத்தரவு.
பதில் வராத இடத்தில்
கார்டு அடங்கித்தான் பேசும்.

யார் போட்ட உத்தரவு?
டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
ஸ்விட்சின் பின்பக்கம் குனிந்தேன்.
உப்பேறிய ஒட்டுநாடா,
அதில் நீல மையில்:
தொடாதே. யா. பி.

யாஸ்னா பியுக்கோல்.
நான்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால்.
பழைய கணினி, விட்டு விட்டு அறுந்த இணைப்பு,
கீழே என்ஜினை அணைக்காத படகு,
"அலை ஏறுது, வா!" என்று யாரோ கத்தியது.
வேகத்தை ஆணியடித்ததுபோல் நிறுத்திவிட்டு
ஓடினேன்.
அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்தது.

"நீ எழுதியது" என்றார் எவாரிஸ்டோ.
"அதனால்தான் அதை மட்டும் தொடவில்லை."
குரலில் குத்தல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன்.
இல்லை. இருந்திருக்கலாம்.

ஒரே வரி மாற்றம்.
விளக்கு அணைந்து எரிந்தது,
அதே பச்சை.
ஊதுகுழாய் முழங்கியது.
திரையில் ஒரு மீன் மூக்கிலிருந்து வால்வரை
தன் உடம்போடு திரும்பியது.

வாளியிலிருந்த மூன்றையும் சோதித்தேன்.
மூன்றும் நன்றாக இருந்தன.
பையில் போட்டுக்கொண்டேன்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்,
தபால்தலை அளவில்.
'அமைப்புப் பிழை' என்று எழுத அது போதுமானது.
எழுதினேன். அடித்தேன்.
என் பெயரை எழுதினேன்.
ஒட்டுநாடாவை உரித்தபோது
பசை மட்டும் வரவில்லை.

எவாரிஸ்டோ அடுப்பை மூட்டினார்.
திரையைப் பார்த்தார், வெகுநேரம்.
பிறகு நோட்டைத் திறந்து,
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு,
வழக்கம்போல் நேரத்தைக் குறித்தார்.
"ஊதும்போது மட்டும்..." என்று ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.